விசில் ஊதும் படம் யாருக்குச் சொந்தம்

அறுபதாம் கல்யாணம் நெருங்க நெருங்க, இராமதாசுக்கு ஆசையெல்லாம் மாலை மேலும் இல்லை, சாப்பாட்டு மேலும் இல்லை. வாசலில் கட்டப்போகும் ஃபிளெக்ஸ் பேனர் மேல்தான். முதலியார்பேட்டையில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஏணியோடு முதலில் வந்து நிற்கிற மனுஷன் அவர். தன் முகமும் ஒரு தடவையாவது தெருவை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டாமா? மில் மூடியதும் டெம்போ ஓட்டிக் குடும்பத்தைக் கரையேற்றியவர். மில்தான் மூடியது, வாய் மூடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மகள் சிந்துஜா கைப்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். புதுச்சேரியின் பழைய புகைப்படங்களை இணையத்தில் ஏற்றி வைக்கிற ஒரு காப்பகத்தில் கண்ணில் பட்டதாம். 'வீராம்பட்டினம் தேர்த் திருவிழா' என்று கீழே போட்டிருந்தது. படத்தில் பெல்பாட்டம் போட்ட ஒரு பையன், வாயில் விசிலோடு, அந்தரத்தில் குதித்துக்கொண்டிருந்தான்.

"இது நீயாப்பா?"

"நான்தான்" என்று அவர் போட்ட சத்தத்தில், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

"சரி, தேர் எங்க?"

"தேரு பின்னாடி வருது. நீ ஆளப் பாரு."

அவர் மனைவி மேனகா, சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "இந்தக் கூத்தெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, எங்கப்பா பேச்சக் கேட்டுக் கழுத்த நீட்டியிருக்க மாட்டேன். பொண்ணு பாக்க வந்தன்னிக்குத்தான உங்கள மொதமொதல்ல பாத்தேன்."

கல்யாணமான நாளாய் இதே பல்லவிதான். இராமதாசும் ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் உள்ளுக்குள் வலிக்கும். அப்பா சொன்னதற்காகத்தான் இவள் நம்மைக் கட்டிக்கொண்டாளா, நம்மைப் பிடித்துத்தான் வந்தாளா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்கத்தான் வாய் வரவில்லை. அதனால் அந்தப் படத்தைப் பேனரில் போட்டே தீருவது என்று முடிவு கட்டினார். ஒரு காலத்தில் எப்படி இருந்தேன் என்று இவளும் பார்க்கட்டும்.

ஃபிளெக்ஸ் கடை வினோத்குமார் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். காப்பகத்தின் பெயர் குறுக்கே, சரியாக விசில் மேலேயே அச்சாகியிருந்தது.

"அழிச்சிடலாம் மாமா. ஆனா அழிக்க மாட்டேன். போன தடவ ஒரு படத்த இப்படிப் போட்டு, எடுத்தவரு கடைக்கே வந்து உக்காந்துட்டாரு. அங்கயே கேட்டு வாங்கியாந்துடுங்க."

கடற்கரைப் பக்கத்தில், மஞ்சள் சுவர் கட்டடத்தில் இருந்தது அந்தக் காப்பகம். அங்கே வேலை பார்க்கும் செந்தமிழ்ச்செல்வி அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயா, விசில்காரர் நீங்களா?" இராமதாஸ் அங்கேயே பாதி உருகிவிட்டார்.

ஆனால் படம் என்று வந்தபோது அவள் பிடி கொடுக்கவில்லை. பார்க்கலாம், படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம், கைப்பேசியில் வைத்து வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டலாம். அதெல்லாம் யாருக்கும் உள்ள உரிமை. பெரிசாக அச்சடித்துத் தெருவில் மாட்டுவதென்றால் எடுத்தவரின் சம்மதம் வேண்டும்.

"ஆடுனது நான்மா. மூஞ்சி என்னுது. விசிலும் என்னுது."

"பதிப்புரிமை ஆடினவருக்கு இல்லீங்கய்யா, எடுத்தவருக்கு. அவர் சரின்னு சொல்லட்டும், எழுத்து இல்லாத பெரிய பிரதியே தர்றேன்."

எடுத்தவர் என்று அங்கே போட்டிருந்த பெயர் உசேன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று, முல்லா வீதியில் வந்து குடியேறியவர்; ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. தன்னிடமிருந்த பழைய படப்பெட்டியை அவர்தான் காப்பகத்துக்குக் கொடுத்தவர். இராமதாஸ் அங்கே போய், படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். உசேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, இந்த ஓரத்துல வாயப் பொளந்துகிட்டு கைதட்றான் பாரு, யாரு அது?"

இராமதாஸ் குனிந்து பார்த்தார். முடி அடர்ந்த, ஒல்லியான உசேன்.

"நானே படத்துக்குள்ள நின்னுகிட்டு நானே எப்படி எடுப்பேன்? அப்ப ஏது செல்ஃபி? கேமரா என்னுது. அமுக்குன கை வேற. பெட்டி குடுத்தவன் பேரையே எழுதிப்புட்டாங்க."

காரைக்காலில் வாழ்க்கைப்பட்டு, இப்போது அண்ணனைப் பார்க்க வந்திருந்த தங்கை ரமீஜா, சர்பத்தைக் கொடுத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தாள். "அட, இது என்கூடப் படிச்ச புள்ள எடுத்ததாச்சே. அன்னிக்கு பூரா கேமராவ கையவுட்டுக் குடுக்கவே இல்ல. அரியாங்குப்பம் கலியமூர்த்தி பொண்ணு."

இராமதாசுக்குச் சர்பத் புரையேறியது. அரியாங்குப்பம் கலியமூர்த்தி அவருடைய மாமனார். அவருக்கு ஒரே பெண்.

திரும்பும்போது ஸ்கூட்டர் தன் வீட்டுத் தெருவைத் தாண்டி அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் போய்விட்டது. பாலத்துக்கு வந்துவிட்டோம் என்பதே காற்று அடித்த பிறகுதான் உறைத்தது. ஒரு ஆளைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே படம் எடுத்துவிட்டு, இத்தனை வருஷமாய் மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறாளே, கள்ளி. தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

மேனகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அந்தப் படத்துக்கு எடுத்தவங்க சம்மதம் வேணுமாம்."

"யாராம்?"

"கலியமூர்த்தி பொண்ணாம்."

கையில் இருந்த வேட்டி அப்படியே நின்றது. அப்புறம் அதை நிதானமாக நாலாய் மடித்து வைத்தாள்.

"அப்ப என்னையத்தான் கேக்கணும்ங்கறாங்களா?"

"சட்டம் அப்படி."

"கேளுங்க."

ஊருக்கே சத்தமாய்ப் பேசுகிற மனுஷன் குரலைத் தணித்துக் கேட்டார். "போட்டுக்கட்டுமா, மேனகா?"

"போட்டுக்குங்க. கீழ என் பேரும் வரணும். உங்க பேரு அளவுக்கு."

"வரும். ஆனா பொண்ணு பாக்க வந்தன்னிக்குத்தான் பாத்தேன்னு சொன்னியே?"

அவள் கையை நீட்டினாள். கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். முகத்தில் ஒரு அதிருப்தி.

"இந்த ஒண்ணுதான் போட்டிருக்காங்களா? ரோலு முழுக்க உங்களத்தான எடுத்தேன். ஒரு படத்துலகூடத் தேரு வரலன்னு ரமீஜாவோட அண்ணன் என்னை அந்தத் திட்டு திட்டுச்சு."