ஆள் நடமாட்டம் இல்லாத தெரு

ஆளில்லா விமானம் விட்டுப் பார்க்க இடம் தேடுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது, கீழேயும் ஆளில்லாத இடம். அதை அவர்கள் நட்டநடுப் பகலில் வந்து தேடுவார்கள். கதவெல்லாம் சாத்தியிருந்து, தெருவில் ஒரு தலையும் தென்படாவிட்டால் ஆள் நடமாட்டம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். மேதாவிகள். ராத்திரி முழுக்க உழைத்தவர்கள் பகலில்தான் தூங்குவார்கள் என்பது மட்டும் அவர்கள் மண்டையில் ஏறாது.

பழைய லாரி நிறுத்தும் மைதானத்தை ஒட்டிய அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு ராத்திரி வேலைதான். காவல்காரர்கள், ரொட்டித் தொழிற்சாலைக்காரர்கள், அப்புறம் தெருவே அக்கா என்று கூப்பிடும் அவள். அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே விட்டு எடுக்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தாலும் கை உள்ளே போய்விடும். அம்மா அப்பா போன பிறகு இந்த வேலையைப் பார்த்துத்தான் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். பகல் தூக்கத்துக்காக ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, கல்யாண வீடு, கருமாதி வீடு எதற்கும் பகலில் போகாமல் காலத்தை ஓட்டியவள்.

அந்தத் தூக்கத்தில்தான் மண் விழுந்தது. காலையில் அவள் வந்து படுக்கும் நேரம் பார்த்து மைதானத்தில் விமானம் கிளம்பும். குளவிக் கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி இரைச்சல், சாயங்காலம்வரை ஓயாது. காதில் பஞ்சு வைத்தாள், கட்டிலுக்கு அடியில் படுத்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் வேலையில் நின்றபடியே கண் சொருகி, கையுறையின் நுனி உருளையில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் பிடித்து இழுத்ததால் கை தப்பியது. இன்னொரு தடவை தூங்கினால் வீட்டுக்குப் போய்விடு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

தெருக்காரர்கள் கொதித்துப்போய் மனுக் கொடுக்கக் கிளம்பினார்கள். அவள்தான் கையைக் காலைப் பிடித்துத் தடுத்தாள். தம்பி விமானம் விடும் அந்தக் கம்பெனியில்தான், இடம் பார்க்கும் பிரிவிலேயே இருக்கிறான், மேலே யாரோ தெரியாமல் செய்துவிட்டார்கள், அவன் காதில் போட்டால் சரிசெய்துவிடுவான் என்றாள். அவள் அதை முழுசாக நம்பினாள்.

தூங்காத கண்ணோடு அவன் அலுவலகத்துக்குப் போனாள். குளுகுளு அறை, கதவைச் சாத்தினால் ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்காது. அந்த அமைதியைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடா இந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது என்று கேட்டாள். அவன் கொஞ்சம்கூட ஒளிக்கவில்லை.

"நான்தான்க்கா. ரெண்டு எடம் இருந்துச்சு. இன்னொண்ணு டாக்டருங்க குடியிருப்புப் பக்கம். அங்க விட்டா மறுநாளே கேஸ் போட்டுடுவாங்க. உங்க தெருவுல யாரும் வாயத் திறக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்."

"நான் பகல்ல தூங்குறது உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? எடம் பார்க்க வந்தப்ப உன் வாசல்ல யாரையும் சத்தமா பேச விடல. கதவக்கூடத் தட்டல."

பாசக்காரத் தம்பி! அக்காவின் தூக்கம் கலையாமல் அவள் தூக்கத்தை அளந்து விற்றுவிட்டுப் போயிருக்கிறான். அதையும் அவளிடமே பெருமையாகச் சொல்கிறான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மேல் வந்த கோபத்தைவிட, அவனுக்காகத் தெருவின் வாயை அடைத்த தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. நாளைக்கே தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கும், முதல் கையெழுத்து தன்னுடையது என்றாள்.

அவன் முகம் செத்துப்போயிற்று. நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அங்க ஆள் நடமாட்டமே இல்லன்னு எழுதிக் கொடுத்தது நான். மனு போனா என் வேல போயிடும்."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"போகட்டும். எங்க லாண்டரியில ராத்திரி வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. வந்து சேரு. பகல்ல நம்ம வீட்டுலயே படுத்துத் தூங்கு."