பிரேமலா சொல்லாமல் வைத்திருந்த மூன்று வாரம்

மலேசியாவில் குளாய் நகரின் பக்கம் ஒரு தொழிற்சாலை. கைப்பேசித் திரைகளைத் துடைக்கும் அறையில் பிரேமலாவும் பேட்ரிசியாவும் நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ரெங்கத்தில் தோட்டத் தொழிலாளர் வீட்டில் வளர்ந்த பிரேமலாவுக்கு அந்த அறையில் இடம் கிடைத்ததே பெரிய விஷயம். தூசு வரக்கூடாதென்று சன்னலே வைக்காமல் கட்டியிருந்தார்கள். நாள் முழுக்க ஏர்கோன். வெளியே சூட்டில் மெஷினோடு நிற்கிறவர்கள் கண்ணாடி வழியாக இவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

வேலையும் கஷ்டமில்லை. துணியைத் திரவத்தில் நனைத்துத் திரையைத் துடைக்க வேண்டும். லேசாகப் பெட்ரோல் வாடை வரும். துடைத்த கையோடு காய்ந்துவிடும்.

ஒரு மத்தியானம் இருவரும் கேன்டீனுக்கு நடந்தார்கள். பின்னால் வந்த பேட்ரிசியா ஒரு சிலிப்பரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“பிரேமா, இது உன்னோடதுதானே? அங்கேயே விட்டுட்டு வந்துட்டே.”

பிரேமலா குனிந்து பார்த்தாள். வலது கால் வெறுங்காலாக இருந்தது. தார் கொதிக்கிற வெயில். அவளுக்குச் சுடவே இல்லை.

இரண்டே மாதத்தில் படியேற முடியாமல் முழங்கால் மடங்கியது. மகள் லோஷினிக்குத் தலை பின்னும்போது முடி விரலில் நிற்காமல் நழுவியது. கிளினிக்கில் சர்க்கரை இல்லை என்றார்கள். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த நாட்களில்தான் அவள் பேட்ரிசியாவின் கால்களைப் பார்க்க ஆரம்பித்தாள். மாதா கோயில் விருந்தில் ஆடிய வீடியோவை பேட்ரிசியா காட்டினாள். “நல்லா ஆடுறே” என்று சொல்லிவிட்டு பிரேமலா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே வயது, ஒரே வேலை. தனக்கு மட்டும் ஏன்?

கடைசியில் ஜொகூர் பாருவில் மனோகரன் என்ற நரம்பு டாக்டரிடம் போனாள். காலில் கம்பிகளை ஒட்டி மின்சாரம் விட்டுப் பார்த்துவிட்டு அவர் என்ன வேலை என்று கேட்டார். திரவத்தின் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஹெக்சேன். அது மூச்சு வழியா, தோல் வழியா உள்ள போகுதுமா. கல்லீரல் அதை வெளியேத்தத்தான் மாத்திப் பார்க்குது. ஆனா மாத்தினதுல ஒண்ணு முன்னதைவிட மோசமான விஷமா ஆயிடுது. அது நரம்புக்குள்ள இருக்கிற புரதத்தைப் பிடிச்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிடும். முதுகுத்தண்டுலேர்ந்து கால் விரல் வரைக்கும் ஒரே நீள இழை. அதுக்கு வேண்டியதெல்லாம் மேலேர்ந்துதான் இறங்கணும். நடுவுல அடைச்சிக்கிட்டா நுனி பட்டினி கிடக்கும். அதான் நீள நரம்பு முதல்ல, கால்லேர்ந்து.”

“பக்கத்துல உக்கார்றவளுக்கு ஒண்ணும் ஆகலையே, டாக்டர்?”

“ஒவ்வொருத்தர் கல்லீரலும் ஒவ்வொரு வேகத்துல மாத்தும். உங்க நாற்காலிப் பக்கம் ஆவி அதிகமா தேங்கியிருக்கலாம். ஆகலைன்னு இப்பவே சொல்லிட முடியாது. அவங்களையும் டெஸ்ட் பண்ணணும். நான் அதிகாரிகளுக்கு எழுதுறேன், அதுக்கு நாள் ஆகும். நீங்க முதல்ல அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

“சொல்றேன்” என்றாள் பிரேமலா.

சொல்லவில்லை.

எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்து வீட்டில் கிடந்தாள். பேட்ரிசியா தினமும் போன் செய்தாள். பிரேமலா நரம்புத் தளர்ச்சி என்று பொதுவாகச் சொன்னாள். ஹெக்சேன் என்ற பேரை மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பேட்ரிசியா அந்த அறையை விட்டு நல்ல காலோடு எழுந்து போய்விடுவாள். அவளுக்கும் ஒரு நாள் சிலிப்பர் கழலட்டும், கழன்றது தெரியாமல் அவளும் நடக்கட்டும் என்று மனசு சொன்னது. அப்படி நினைக்கிறோம் என்பது பிரேமலாவுக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை பேட்ரிசியா மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

“உன் வேலையையும் நான்தான் பார்க்கிறேன். புது ஆளைப் போட்டா உன் இடம் போயிடும்லா. வர்ற வரைக்கும் நானே சமாளிக்கிறேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்.”

பிரேமலா தட்டைத் தள்ளிவைத்தாள். டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னாள். என்றைக்குச் சொன்னார் என்பதையும் சேர்த்து.

பேட்ரிசியா “மூணு வாரமா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பரிசோதனையில் பேட்ரிசியாவின் காலிலும் நரம்பு வேகம் குறைந்திருந்தது. அவளுக்கு இன்னும் தெரியாத அளவுக்கு. அன்றோடு அவள் அந்த அறைக்குப் போகவில்லை. அதிகாரிகள் வந்து அறையை மூடினார்கள்.

வேலையை நிறுத்தியும் பிரேமலாவுக்கு இரண்டு மாதம் உடம்பு இன்னும் மோசமானது. நடந்த சேதம் அடங்க நாளாகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பிறகு மெதுவாக, நகம் வளர்வது மாதிரி, நரம்பு திரும்ப வளர ஆரம்பித்தது. ஒன்றரை வருடத்தில் கைத்தடி போதுமென்று ஆனது.

பேட்ரிசியா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து மாதம் கழித்தே வந்திருந்தாள். அப்போது அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை; விடியற்காலையில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தாள்.

“என் மேல அவ்வளவு கோபமா பிரேமா?”

“கோபம் இல்ல. பொறாமை.”

“இப்ப?”

பிரேமலாவுக்குப் பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

“இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றாள். பேட்ரிசியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.