போர்யே எடுக்காத கடைசித் துண்டு

"எனக்கு அறுபத்தெட்டு வயசு. இதுவரைக்கும் எந்தத் தட்டுலேர்ந்தும் கடைசித் துண்டை நான் எடுத்தது கிடையாது. எடுத்ததைப் பார்த்தேன்னு ஒருத்தர் சொல்லட்டும், என் பேரையே மாத்திக்கறேன்."

நடுக்கோடைத் திருநாளன்று, தீவின் பாதி ஜனம் கூடியிருந்த படகுத்துறையில், ஓய்வுபெற்ற தபால்காரர் போர்யே ஹெட்மான் இப்படி முழங்கினார். யாரும் மறுக்கவில்லை. ஆதாரம் ஊரறிந்தது. அவர் வீட்டு விருந்துத் தட்டுகளில் எப்போதும் ஒரு துண்டு கேக் தனியாகக் காய்ந்து கிடக்கும்.

ஸ்வீடனில் கடைசித் துண்டை எடுப்பவன் பேராசைக்காரன். அதை மீதி வைத்துத் திருப்பி அனுப்புபவன் ஊதாரி. இந்த இரண்டுக்கும் நடுவே மானத்தோடு வாழும் வழி ஒன்றுதான்: பாதியாக வெட்டி எடுத்துக்கொள்வது. அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. எங்கள் மக்கள் அணுவைப் பிளக்கும் வித்தையை இப்படித்தான் சாப்பாட்டு மேசையிலேயே பழகினார்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, போர்யே தன் மூன்று நண்பர்களை ஹெர்னசாண்ட் துறைமுகத்து உணவகத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார். மாதாகோயிலில் ஆர்கன் வாசிக்கும் பெண்மணி சிவ், மீன்வலை விற்று ஓய்ந்த ஹென்னிங், அவர் மனைவி மாய்-பிரிட். நான்கு வகை உணவு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒரு ஒயின். தீவுக்குத் திரும்பும் படகு நான்கு மணிக்கு. அதை விட்டால் மறுநாள்தான்.

போர்யே ஒரு ரகசியத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நான்காவதாக வரப்போவது யூர்ட்ரோன் பழம். சதுப்பில் ஒரு செடிக்கு ஒன்றே ஒன்றாகப் பழுக்கும் ஆரஞ்சு நிறப் பழம். அது விளையும் இடத்தை எங்கள் ஆட்கள் மரணப் படுக்கையில்கூடப் பாதிதான் சொல்வார்கள். போர்யே கொசுக்கடியில் மூன்று நாள் குனிந்து பறித்து, முன்பே சமையல்காரரிடம் கொடுத்துவைத்த பழம்தான் அன்றைய நான்காவது தட்டு. வாழ்நாளெல்லாம் பிறர் அனுப்பியதையே கொண்டுபோய்க் கொடுத்தவர், முதல்முறையாகத் தன்னுடையது ஒன்றைக் கொடுக்கப் போகிறார். நண்பர்கள் ருசி பார்க்கும் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சொல்வது என்று திட்டம்.

முதல் தட்டு வந்தது. ஊறவைத்த ஹெர்ரிங் மீன், ஐந்து துண்டு. நான்கு பேருக்கு ஐந்து வைத்தால் தாராளம் என்று சமையல்காரருக்கு வெளிநாட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஒயின் ஊற்றும் தெக்லா கண்களை மூடிக்கொண்டு சொன்னாள்: "பச்சை ஆப்பிள் வாசம் வரும். கடைசியில ஈரக் கல்லோட ருசி."

"ஈரக் கல்லைத் தினமும் மிதிச்சுட்டுதான் படகுல ஏறறேன்," என்றார் ஹென்னிங். "நக்கிப் பார்க்கணும்னு தோணினதே இல்ல."

"பேசாம குடி," என்றாள் மாய்-பிரிட்.

ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் கோப்பையை உயர்த்தி, "ஸ்கோல்" சொல்லிக் குடித்தார்கள். நான்கு துண்டு போயிற்று. ஐந்தாவது நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் பார்த்தது.

"தட்டை எடுத்துக்கட்டுமா?" என்றாள் தெக்லா.

"ஐயையோ, இன்னும் இருக்கே," என்றார்கள் நால்வரும்.

"சிவ், நீ எடுத்துக்கோ," என்றாள் மாய்-பிரிட்.

"எனக்கு வயிறு நிறைஞ்சுபோச்சு. ஹென்னிங் எடுத்துக்கட்டும்."

"நானா? போர்யே கூட்டிட்டு வந்தான், அவனுக்குத்தான் மரியாதை."

போர்யே கையை மார்பில் வைத்துத் தலையசைத்தார். துண்டு பாதியானது, காலானது, அரைக்காலானது. அரைமணி நேரம் கரைந்தது. இரண்டாவதாக வந்த புகையூட்டிய ஏரி மீனுக்கு நாற்பது நிமிடம். தட்டு நகர்ந்தால்தானே அடுத்த ஒயின் வரும். தெக்லா புட்டியை அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள், பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல.

மூன்றாவதாகத் துருவமான் இறைச்சியும் சிவப்பு ஒயினும் வந்தபோது மணி இரண்டு ஐம்பது. மூன்று இருபதுக்கு அதில் எஞ்சியது தபால்தலை அளவுத் துண்டு. தபால்தலை அளவு போர்யேவுக்குத் தெரியாதா என்ன.

"இதைப் பாதியா வெட்டலாமே," என்றாள் சிவ்.

"பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லவா?" என்றார் ஹென்னிங்.

போர்யே கடிகாரத்தைப் பார்த்தார். சமையலறையில் தன் பழம் கிண்ணங்களில் காத்திருக்கிறது. இந்தத் தபால்தலை போகாமல் அது வராது.

"படகு வந்தாச்சு பாருங்க," என்றாள் மாய்-பிரிட்.

மூவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். திரும்பிப் பார்த்தபோது தட்டு காலி. தெக்லா அடுத்த கணமே அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாய்-பிரிட் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஹென்னிங்."

"நான் இல்ல."

"நாப்பத்தோரு வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன்."

"சத்தியமா நான் இல்லடி. போர்யே, நீயாவது சொல்லேன்."

போர்யேவால் சொல்ல முடியவில்லை. சொல்ல வாய் காலியாக இல்லை. நாப்கினால் உதட்டை ஒற்றிக்கொண்டு, நீதிபதியைப் போல எல்லாரையும் பொதுவாகப் பார்த்தார்.

அதற்குள் பழம் வந்தது. ஆளுக்கொரு கிண்ணம், நடுவில் பொதுவாக ஒன்று; பாலாடை மேல் பொன்னாகக் குவிந்திருந்தது. கூடவே தேன் நிறத்தில் இனிப்பு ஒயின். சிவ் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆர்கனில் கடைசிச் சுரம் அடங்கும்வரை காத்திருக்கும் அதே முகம். "இது எந்தச் சதுப்புப் பழமா இருக்கும்?" என்று முணுமுணுத்தாள். ஹென்னிங் மட்டும் குற்றவாளி போலத் தலைகுனிந்து, எண்ணி நான்கே நான்கு பழம் சாப்பிட்டார். மாய்-பிரிட் தன் கிண்ணத்தை அவரிடமிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டாள்.

போர்யே பார்க்கக் காத்திருந்த முகங்களில் ஒன்று இப்படித் தொங்கிக்கிடந்தது.

படகு முதல் சங்கை ஊதியது. நடுவிலிருந்த பொதுக் கிண்ணத்தில் ஒரே ஒரு பழம் மிச்சம்.

"நான் தொட மாட்டேன்பா," என்றார் ஹென்னிங், இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

போர்யே கரண்டியை நீட்டினார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பழத்தை எடுத்தார், வாயில் போட்டார், நிதானமாக மென்று விழுங்கினார்.

"அந்த மான் துண்டை எடுத்ததும் நான்தான்," என்றார். "பழமும் என்னோடதுதான்."

மாய்-பிரிட் தன் இனிப்பு ஒயினில் மிச்சமிருந்ததை ஹென்னிங் பக்கம் நகர்த்தி வைத்தாள்.