தண்ணீர் மெஷின் திறந்த நாள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அப்படிப்பட்டவளை நெறிமுறைப் பிரிவில் உட்கார வைத்தது கம்பெனியின் தவறு, என் தவறு இல்லை.

உலகம் முழுக்கச் சட்டை விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி அது. அலுவலகம் கோவை பீளமேட்டில். நூல் தரும் மில்களில் ஆட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்ப்பதும், கம்பெனி பெயரில் நாலு நல்ல காரியம் செய்து போட்டோ எடுப்பதும் எங்கள் பிரிவின் வேலை. ஒவ்வொரு மில் விடுதியிலும் எங்கள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். குறை இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பெயர் சொல்ல வேண்டாம், விஷயம் வெளியே போகாது. அந்த போன் என் மேஜையில் இருந்தது.

ஈரோட்டுப் பக்கத்து மில்லிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி அடிக்கிறாருங்க. மெஷின்ல கழட்டுன பழைய பெல்ட்ட மடிச்சு அடிக்கிறாருங்க. அடிச்சுப்போட்டு, வலிக்குதா கண்ணுன்னு கேக்கறாருங்க."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு உடம்பு எரிந்தது. பெயர் கேட்கவில்லை. வருகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

விதிப்படி சொல்லாமல் போய் நிற்க வேண்டும். ஆனால் என் மேலதிகாரி தோட்டங்காடு உள்ள இந்த ஊர்க் குடும்பத்துக்காரர். யார் வீட்டுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பழக்கமில்லாதவர். என் கண்ணெதிரே மில் முதலாளிக்கு போன் போட்டார்.

"ஏனுங்க, நாளைக்குக் காலைல வாரமுங்க. அடிக்கிறாங்கன்னு ஒரு புள்ள போன் பண்ணியிருக்குது. சும்மா பாத்துட்டுப் போறமுங்க. அப்படியே நாம குடுத்த குடிதண்ணி மெஷினையும் தெறந்துபோடலாம். சாப்பாடெல்லாம் வேண்டாமுங்க."

"சார், இது திடீர்ச் சோதனை" என்று கத்தினேன்.

"திடீர்னு போயி நின்னா அவங்க என்ன நெனைப்பாங்க, அம்மணி? மரியாதையா இருக்காதுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

மறுநாள் கேட்டிலேயே சந்தனம், கல்கண்டு, இளநீர். வேண்டாம் என்று சொன்ன சாப்பாட்டுக்கு வாழையிலை போட்டிருந்தது. முற்றத்தில் பெண்கள் ஒரே நிறச் சுடிதாரில் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கத்தரிக்கோல் வைத்த பித்தளைத் தாம்பாளத்தைப் பிடித்திருந்தான். மேலதிகாரி ரிப்பனை வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒருத்தி மட்டும் ஒற்றைக் கையால் தன் தொடையில் தட்டினாள். இன்னொரு கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

போய்த் துப்பட்டாவை விலக்கினேன். மணிக்கட்டு வீங்கிக் கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கழுத்தில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"யாரு போன் பண்ணுனதுன்னு கேட்டு எல்லாத்தையும் நிக்க வெச்சு அடிச்சாருங்க. சின்னப் புள்ளைங்களுக்கும் உழுந்துதுங்க. அதான் நாந்தான்னு சொல்லிப்போட்டேன்" என்றாள். போனில் கேட்ட அதே குரல். "நீங்க சொல்லாம வந்திருக்கலாமுங்க."

மேஸ்திரி தாம்பாளத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தபடி வந்தான். "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துபோட்டாளுங்க மேடம். போ கண்ணு, போய்ப் படு" என்று அவள் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் அந்தக் கையையே ஊன்றி விழுந்தாள். அவள் போட்ட அலறல் இப்போதும் காதில் இருக்கிறது.

தாம்பாளம் என் கைக்கு எட்டியது. அதன் விளிம்பால் அவன் மூக்கில் அடித்தேன். எலும்பு நொறுங்கியது கையில் தெரிந்தது. வாயில் அடித்தேன், பல் தெறித்தது. புதுத் தண்ணீர் மெஷின்மேல் ரத்தம் வழிந்தது. சுருண்டு விழுந்தவனைச் செருப்புக் காலால் உதைத்தேன். மேலதிகாரி என் தோளைப் பிடித்து இழுத்து, "உட்டுருங்க அம்மணி, உட்டுருங்க" என்று கெஞ்சினார். நிதானம் தவறிவிட்டதாக எழுதித் தரும்படி பிறகு கம்பெனியில் கேட்டார்கள். தவறவில்லை. எங்கே அடிக்கிறேன் என்று பார்த்துத்தான் அடித்தேன்.

அவளைக் கம்பெனி காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கை எலும்பு உடைந்திருந்தது. கட்டுப் போட்டதும் பவானியிலிருந்து வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு புகார் நகர மாதக்கணக்கில் ஆகும். என்மேல் வந்த புகார் அடுத்த வாரமே விசாரணைக்கு வந்துவிட்டது. வன்முறையைக் கம்பெனி துளியும் பொறுக்காதாம். ரிப்பன் வெட்டுவதைப் படம் பிடிக்க வந்தவர் எடுத்த போட்டோக்களே சாட்சி. திரையில் வெளிநாட்டுக் குழு, பக்கத்தில் மொழிபெயர்க்க மேலதிகாரி. அந்தப் பெண்ணின் புகார் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் இப்போது மில்லில் வேலையில் இல்லை, அதனால் முடித்துவிட்டோம் என்றார்கள். மேஸ்திரி மூக்கில் கட்டோடு வேலைக்குத் திரும்பியிருந்தான்.

ஆனால் என்னை வெளியேற்ற அவள் தேவைப்பட்டாள். போன் போட்டு ஸ்பீக்கரில் அவளைப் பேச வைத்தார்கள். பெல்ட்டைப் பற்றியோ கையைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. மேடம் மேஸ்திரியை அடித்தாரா என்ற ஒரே கேள்விதான்.

"ஆமாங்க" என்றாள்.

மேலதிகாரி அதை மொழிபெயர்த்தார். போனை வைக்கப் போனார்கள்.

"ஆனா பத்தாதுங்க" என்றாள்.

மேலதிகாரி இதை மொழிபெயர்க்கவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, அவள் சொன்னதை நானே ஆங்கிலத்தில் சொன்னேன்.