சர்க்கரைக் குழுவும் எதிர்வீட்டு மாமியும்

போன ரமலானில், ஒரு மத்தியான வகுப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் உளுந்து பச்சை விட்டிருந்த நேரம். நான் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் ஹெல்த் அண்ட் வெல்னஸ் மேனேஜ்மென்ட் முதுகலை படிக்கிறேன். அதென்ன படிப்பு என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம், நர்ஸும் இல்லை, யோகா டீச்சரும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

அன்றைக்குப் பேராசிரியர் ஒரு பிராஜெக்ட் கொடுத்தார். மக்கள் வேலை செய்கிற ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் உடல்நலத்துக்கு ஒரு சின்னத் திட்டம் போட்டு, நடத்திக் காட்ட வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் ஐ.டி. கம்பெனி, ஜவுளிக்கடை என்று டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தேன். அடுப்படியில் அம்மா நோன்போடு சமோசாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு எல்லா அடுப்படியும் அப்படித்தான். பெண்களில் பல பேருக்குச் சர்க்கரை. ஆண்கள் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போய்விடுவார்கள். இவர்கள் பசியோடு தனியாகத் தீக்கு முன்னால் நிற்பார்கள். இதைவிட வேலை செய்கிற இடம் வேறு எது?

மறுநாளே வாட்ஸ்அப் குழு தயார். ஒரே விதிதான். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் விரலில் குத்தி, சுகர் மெஷினைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். டாக்டர் சொன்ன அளவுக்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும். ரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடாதா என்று சிலர் தயங்கினார்கள். என் அப்பாவை, அத்தாவை அனுப்பி, பள்ளிவாசலில் தொழவைக்கிற அஜரத்திடம் கேட்டேன். முறியாது, உடம்புக்கு ஆபத்து என்றால் நோன்பை விடவும் அனுமதி உண்டு என்று சொல்லியனுப்பினார். ‘ஃபெயிலானா டி.சி. குடுத்துடுவியா?’ என்று அக்கா முறையுள்ள ஒரு லாத்தா குழுவில் கேட்டு, தெருவே சிரித்தது.

எல்லாரையும்விட ஆர்வமாக இருந்தவர் எங்கள் எதிர்வீட்டு மாமி. மாமா துபாயில். ஒரே மகளை நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் மாமி மட்டும்தான். குழுவில் முதல் போட்டோ தினமும் அவருடையதாகவே இருக்கும்.

ஒரு நாள் அப்படித்தான் முதல் போட்டோ வந்தது. நல்ல அளவு. கட்டை விரல் பொம்மை போட்டுவிட்டு, என் கணக்கில் ஏற்றுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். மெஷின் திரையின் மூலையில் நேரம் காட்டும். அது காலை நேரம். சரி, தப்பாகப் பழைய படத்தைப் போட்டிருப்பார் என்று போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் எடுக்கவில்லை.

ஓடினேன். வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன், சத்தமே இல்லை. எண்ணெய் கருகுகிற வாசனை மட்டும் வந்தது. நான் படித்த பாடங்களில் எல்லா மனிதர்களும் தட்டினால் கதவைத் திறந்துவிடுவார்கள். சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் போனேன். நல்லவேளை, அந்தக் கதவு சும்மா சாத்தியிருந்தது.

மாமி அடுப்படிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வியர்வையில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. என்னைப் பார்த்துத் தன் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுப்பை அணைத்தேன். அம்மாவுக்குப் போன் போட்டு ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னேன். டம்ளரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி வாயருகே கொண்டுபோனால், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டார்.

அஜரத் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கெஞ்சினேன், அதட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கண் சொருகிவிட்டால் டம்ளரில் இருப்பதை வாயில் ஊற்றவும் முடியாதே என்று டம்ளரை மறுபடி வாயருகே நீட்டினேன். அப்போதுதான் மாமி குழறிக் குழறிச் சொன்னார்:

“விட்டா... களா வைக்கணும்ல. எல்லாரும் சாப்பிடுற மாசத்துல... நான் மட்டும் தனியா...”

விட்டுப்போன நோன்பை ரமலான் முடிந்தபிறகு வைத்துத் தீர்ப்பதைத்தான் களா என்போம். சட்டென்று புரிந்தது. ரமலானில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குத் தெருவே விளக்குப் போட்டு விழித்திருக்கும். எதிரே எங்கள் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் மாமிக்குக் கேட்கும். மற்ற மாதங்களில் மாமி அந்த வீட்டில் அந்த நேரத்தில் எழுந்து ஒருத்தியாகத் தட்டின் முன்னால் உட்கார வேண்டும்.

“எனக்கும் நாள் விட்டுப்போயிருக்கு மாமி. சேர்ந்து வைப்போம். சஹருக்கு நான் இங்க வந்துடுறேன்” என்றேன்.

மாதவிலக்கால் பெண்களுக்கு நோன்பு நாள் விட்டுப்போவதும், அதை யாருக்கும் சொல்லாமல் பின்னால் வைத்துத் தீர்ப்பதும் எங்கள் வீடுகளில் வழக்கம்தான். வாய்விட்டுச் சொல்கிற விஷயம் இல்லை. நான் சொல்லிவிட்டேன். மாமி என் முகத்தையே பார்த்தார். பிறகு டம்ளரைப் பிடித்திருந்த என் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, மடக் மடக்கென்று குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. “நீ எங்க எந்திரிக்கப்போற? உங்கம்மா தண்ணி தெளிச்சுல்ல எழுப்புறா” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று மாலை டாக்டர் மாத்திரையை மாற்றினார். இந்த மாதம் நோன்பு போதும், பகல் குறைவாக இருக்கிற குளிர் மாதத்தில் பார்க்கலாம் என்றார். மத்தியானமே அளவு குறைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் காலைப் படத்தை அனுப்பியதாக மாமி பிறகு சொன்னார். சரியானதைப் போட்டால் தெருவே கூடி நோன்பை விடச் சொல்லும் என்று தெரியுமாம். எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும் என்று நான் போட்ட விதிதான் அவரை மறைக்க வைத்தது. இதையும் பிராஜெக்டில் அப்படியே எழுதிக்கொடுத்தேன்.

வருகிற ரமலானுக்குத் திட்டத்தை மாற்றுகிறேன். குழுவில் போட்டோ கிடையாது. மாதம் தொடங்கும் முன்பே எல்லாரும் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். யார் நோன்பை விட நேர்ந்தாலும், களா வைக்க ஒரு துணை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இது சரிப்படுமா, தெருவில் ஒப்புக்கொள்வார்களா, எனக்கு இன்னும் தெரியாது. இப்போது மார்கழி, பகல் குட்டை. டாக்டர் சரி சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமை மாமியும் நானும் முதல் களா நோன்பு வைக்கிறோம். அளவு குறைந்து அதையும் விடும்படி ஆனால், அதற்குப் பதிலாக மாமி வைக்கப்போகிற நாளிலும் சஹருக்கு அந்த வீட்டில் இரண்டு தட்டு இருக்கும்.