காது மெஷினைக் கவ்விக்கொண்ட லேப்டாப்

காது டாக்டரின் கிளினிக்கில் செவித்திறன் சோதிக்கிறவள் அவள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் தரை துடைக்க வந்தாள். நோயாளிக்கு ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா கை தூக்குங்க" என்று சொல்கிற டெக்னீஷியன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டான். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை. டாக்டரே இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தார். வேறு வழியில்லாமல் அதற்கான படிப்புக்கு அனுப்பினார்.

சோதனை அறை லேப்டாப் படுகிழம். அதை ஆன் செய்துவிட்டுப் போய்ப் பல் தேய்த்துக் குளித்துவிட்டு வரலாம். சாப்பாட்டு நேரத்தில் படித்துப் படித்து, அவளே அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றினாள். கிழம் எழுந்து ஓடியது. "அதுக்கும் ஒரு பேர் வெச்சுச் சோறு ஊட்டேன்" என்றான் புருஷன். கம்ப்யூட்டர் விற்கிற டாக்டரின் மச்சானுக்கு மட்டும் அன்றிலிருந்து வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், "புதுப்பிக்கவா?" என்று லேப்டாப் கேட்டது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் "சரி" என்று தட்டிவிட்டாள். திங்கள்கிழமை காலையில், காது சோதிக்கிற மெஷினின் யுஎஸ்பி வயரைச் சொருகினால், லேப்டாப் அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

மூக்கில் வியர்த்ததுபோல மச்சான் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்து நின்றார். "ஓசியில வந்தது ஓசி மாதிரிதான் வேலை செய்யும், மாமா."

"பன்னெண்டு மணி வரைக்கும் பாரு," என்றார் டாக்டர் அவளிடம். "இல்லைன்னா பெட்டியைப் பிரிச்சுடலாம்."

பெட்டியைப் பிரித்தால் அவளோடு போகிற விஷயமில்லை. முன்மேஜை டெலிபோன் ஆபரேட்டருக்குக் கண் தெரியாது. மத்தியானத்தில் அதே லேப்டாப்பில் திரையில் இருப்பதைத் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக எழுப்புகிற தன் பிரெய்ல் பட்டையைச் சொருகி, மறுநாள் வருகிறவர்களின் பட்டியலை விரலால் படித்துப் போன் போடுவார். புதுக் கம்ப்யூட்டரில் அந்த வசதி கிடையாது. "தேவைன்னா யாராவது படிச்சுச் சொல்லட்டுமே" என்று மச்சான் சொல்லிவிட்டார்.

வயரை மாற்றினாள். துளையை மாற்றினாள். ஊதிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில், உள்ளே நடப்பதையெல்லாம் லேப்டாப் எழுதி வைக்கும் பதிவைத் திறந்தாள். மெஷின் வந்தது என்று ஒரு வரி. மறுநொடியே அதை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று இன்னொரு வரி. பிடுங்கியது பிரெய்ல் பட்டையை இயக்கும் புரோகிராம்.

"அண்ணே, உங்க ஆளு என் மெஷினைத் தூக்கிட்டுப் போறான்!" என்று முன்மேஜைப் பக்கம் கத்தினாள்.

"என் ஆளா? என்ன பண்ணினான்?"

"இதையும் பிரெய்ல் பட்டைன்னு நெனச்சுக் கவ்விக்கறான். ஏதோ கம்பெனி பட்டையில இதே மலிவு சிப்புதானாம். புது அப்டேட்ல அதையும் லிஸ்ட்ல சேத்திருக்காங்க."

"எனக்காக இருக்கற புரோகிராமுக்கே கண்ணு தெரியலைன்னா நான் எங்கம்மா போவேன்?"

"நெட்ல எல்லாரும் அதை நீக்கிடுங்கறாங்க. ஒரே வரி. நீக்கினா என் வேலை முடிஞ்சுது."

"நீக்கு. மத்தியானத்துலேருந்து பட்டியலை நீயே எனக்குப் பாடிக் காட்டு. ராகத்தோட."

அவள் அந்த வரியைத் தட்டியே வைத்திருந்தாள், என்டர்தான் பாக்கி. மணி பதினொன்று இருபது. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

"உங்க பட்டையை இங்க கொண்டாங்க."

சொருகி, லேப்டாப் அதை இனம் காண்கிற அடையாள எண்ணைப் பார்த்தாள். காது மெஷினின் எண் வேறு, இதன் எண் வேறு. அப்படியானால் புரோகிராமை விரட்ட வேண்டாம், கையை மட்டும் தட்டினால் போதும். சாதனங்களின் பட்டியல் இருக்கிற கோப்பைத் தேடிப்பிடித்து, மெஷினின் எண் இருந்த வரிக்கு முன்னால் # என்று ஒரு ஹாஷ் குறி போட்டாள். ஹாஷ் போட்ட வரியை லேப்டாப் படிக்காது.

மச்சான் எட்டிப் பார்த்தார். "இன்னும் முடியலியா?"

"கால் வலிச்சா உங்க பெட்டி மேலயே உக்காருங்க."

வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். மெஷினில் பச்சை விளக்கு வந்தது, போகவில்லை. பக்கத்தில் ஆபரேட்டர் பட்டையைத் தடவினார். புள்ளிகள் எழுந்தன. "உயிரோட இருக்கும்மா," என்றார்.

பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, காத்திருந்த லாரி டிரைவரின் இரண்டு காதுகளும் வரைபடமாக டாக்டர் மேஜைக்குப் போயின.

"அடுத்த அப்டேட்ல மறுபடி போயிடும், மாமா!" என்றார் மச்சான்.

"போகும்," என்றாள் அவள். "மறுபடி ஹாஷ் போடுவேன்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். "அந்தப் பெட்டியை எடுப்பா. நடைவழியில வெச்சிருக்கே, பேஷண்டுங்க தடுக்கி விழறாங்க."

ஆபரேட்டர் அதற்குள் பட்டியலில் முதல் பெயருக்குப் போன் போட்டுவிட்டார்.