தலைவர் வழியாகப் போன அறிக்கை

எண்பதுகளின் நடுவில், கிள்ளானை அடுத்த மேரு என்னும் ஊருக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் நடந்த கும்பல் சண்டைகளைப் பற்றி நாங்கள் மூவர் ஓர் அறிக்கை எழுதினோம். மற்ற இருவரும் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள். நான் அரசாங்கக் குமாஸ்தா. யாரும் கேட்டு எழுதவில்லை. சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் பிடித்துக் கிள்ளான், அங்கிருந்து மேரு. நாளும் மணியும் இடமும் குறிப்பது என் பொறுப்பு.

குறிப்புகளை வரிசைப்படுத்தியபோது ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் சில நாள் முன்பே யாரோ போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள். நிலையமோ வெகுதொலைவு. பஸ் நிறுத்தத்தருகே ஒரு சிறிய போலீஸ் சாவடி வேண்டும் என்று முடிவாக எழுதினோம். அந்த நிறுத்தத்தில் வடை சுட்டு விற்ற பெண்ணும் புகார் கொடுத்தவர். அடுத்த வாரமே அவர் கணவருக்குத் தோளில் வெட்டு.

"எழுதுங்கண்ணே, ஆனா எழுதினதோட விட்டுறாதீங்க லா," என்றார் அந்தப் பெண்.

எந்தெந்தக் குடியிருப்புகளுக்குச் சாவடி என்று தீர்மானிக்க ஓர் அரசாங்கக் குழு விரைவில் கூடவிருந்தது. மூவர் பெயரில் நேராகத் தபாலில் அனுப்பச் சொல்லி விரிவுரையாளர்கள் அறிக்கையை என்னிடம் தந்தார்கள். அரசாங்க ஊழியன் வேறு இலாகாவுக்கு எழுதினால் தன் இலாகாத் தலைவர் வழியாகத்தான் எழுதுவான். இருபது வருடப் பழக்கம். முகவரிக்கு மேல் 'தலைவர் வழியாக' என்று தட்டச்சு செய்து, அவர் மேசைத் தட்டில் வைத்துவிட்டேன்.

தலைவர் கூப்பிட்டார். "என்னப்பா, கேங்குக்கு நீ எப்ப செக்ரட்டரி ஆனே? போலீஸ் விஷயத்துல நம்ம டிபார்ட்மென்ட் தலையிடலாமா?"

"இது டிபார்ட்மென்ட் ரிப்போர்ட் இல்லீங்க சார், நாங்களா எழுதினது."

"அப்புறம் எதுக்கு என் வழியா அனுப்புறே?"

அறிக்கை அவர் இழுப்பறைக்குள் போனது. விரிவுரையாளர்களிடம் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மறுபிரதியோடு ஓடினோம்; குழு முந்தின நாளே கூடிக் கலைந்திருந்தது. சாவடிப் பட்டியலில் அந்தக் குடியிருப்பு இல்லை.

வெளியே வந்ததும் இளைய விரிவுரையாளர் வெடித்தார். "எந்த அதிகாரி கைக்கும் போகாம இத்தனை மாசம் காப்பாத்தினோம். 'தலைவர் வழியாக'ன்னு ஒரே வரியில கொண்டுபோய்க் கொடுத்துட்டீங்களே!"

அந்தச் சனிக்கிழமை நான் மட்டும் போனேன்.

"சாவடி எப்பண்ணே வருது?" என்றார் வடை சுடும் பெண்.

நடந்ததைச் சொன்னேன். அவர் எண்ணெயில் வெந்த வடைகளைத் திருப்பிப் போட்டார்.

"நான் புகார் கொடுத்த நாள் உங்க நோட்டுல இருக்கா?"

"இருக்கும்மா. சரியா இருக்கு."

"சரியா இருந்து என்ன?" என்று கேட்டுவிட்டு, அடுத்து நின்றவருக்கு வடையைப் பொட்டலம் கட்டத் தொடங்கினார்.